காக்கர் ஸ்பேனியல் வீட்டில் இருந்தால்: துணையும் தினசரிப் பாதுகாப்பும்

ஸ்பேனியல் நாய் வகைகளில் நம்மூர் வீடுகளில் அதிகம் பார்ப்பது காக்கரைத்தான். இங்கிலீஷ் காக்கர் தோள்வரை 38 முதல் 41 செ.மீ. உயரம், 13 முதல் 14.5 கிலோ எடை இருக்கும். அமெரிக்கன் காக்கர் அதைவிடச் சற்றுக் குள்ளம், தலை உருண்டை, முடி இன்னும் அடர்த்தி. கேவலியர் கிங் சார்லஸ் மூன்றிலும் சின்னது, 5.5 முதல் 8 கிலோவுக்குள் நிற்கும். காக்கர், புதருக்குள் புகுந்து பறவையைக் கிளப்பிவிடும் வேலைக்கு உருவான நாய். கேவலியர், மடியில் வைத்துக் கொஞ்சுவதற்கென்றே வளர்க்கப்பட்ட பரம்பரை. மனிதரை விட்டுப் பிரிய மனம் வராத குணம் எல்லாவற்றுக்கும் பொது. குளியலறைக் கதவு வரை பின்னாலேயே வந்து நிற்கும்.

இந்த நாய்களுக்கு வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை முடிக்கு அடியிலோ, தொங்கும் காதுக்கு அடியிலோ ஒளிந்திருக்கும். தள்ளி நின்று பார்த்தால் நாய் அழகாகவே தெரியும். கை வைத்துத் தடவினால்தான் உண்ணி தட்டுப்படும், சூடு தெரியும், வலிக்கும் இடம் தெரியும். ஸ்பேனியலோ யாராவது வந்து தடவமாட்டார்களா என்று காத்துக் கிடக்கிற நாய். அதனால் பாதுகாப்புக்கென்று தனியாக நேரம் தேட வேண்டாம். கொஞ்சுகிற நேரத்தை ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவந்தால் போதும்.

இரவில் பத்து நிமிடம்

இரவுச் சாப்பாடு முடிந்து வீடு அடங்கியதும் தரையில், நாய்க்குப் பக்கவாட்டில் உட்காருங்கள். நின்றபடி மேலே கவிழ்ந்து கை நீட்டினால் பயந்த குட்டி அங்கேயே சிறுநீர் விட்டுவிடும். காக்கர் குட்டிகளிடம் இது ரொம்பச் சகஜம். திட்டினால் பயம் கூடி இன்னும் அதிகமாகும். சத்தமில்லாமல் துடைத்துவிட்டு அடுத்த முறை தாழ்ந்து உட்காருங்கள், பெரும்பாலான குட்டிகளுக்கு வளர வளர நின்றுவிடும்.

மூக்கிலிருந்து வால் வரை எப்போதும் ஒரே வரிசையில் போங்கள். அடுத்து எங்கே கை வரும் என்று தெரிந்துவிட்டால் நாய் தானாகவே ஒத்துழைக்கும். முதலில் மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, 2 நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். ஈறு வெளுத்திருந்தாலோ மஞ்சள் பாய்ந்திருந்தாலோ மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். உண்ணிக் காய்ச்சலிலும் அப்படி ஆகும்; உடலே தன் சிவப்பணுக்களை அழித்துக்கொள்ளும் ரத்தசோகையிலும் அப்படி ஆகும். இரண்டாவது நோய் மற்ற இனங்களைவிடக் காக்கருக்கு அதிகம் வருகிறது.

அப்படியே கீழுதட்டையும் விரித்துப் பாருங்கள். காக்கருக்கு அங்கே ஒரு மடிப்பு உண்டு. எச்சிலும் சாப்பாட்டுத் துணுக்கும் அதில் தங்கிப் புண்ணாகி நாறும். வாய் நாறுகிறதே என்று பல்லைச் சந்தேகிப்பவர்கள் இந்த மடிப்பையும் பார்க்க வேண்டும். ஈரத் துணியால் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.

கண்ணில் இரண்டு விஷயங்களை வேறுபடுத்தத் தெரிய வேண்டும். கண்ணின் உள்மூலையில் சிவப்பாகச் சிறு உருண்டை பிதுங்கி நின்றால் அது அங்கே மறைந்திருக்கும் மூன்றாம் இமையின் சுரப்பி நழுவியது. பதற வேண்டாம், ஆனால் அந்த வாரத்துக்குள் காட்ட வேண்டும். அந்தச் சுரப்பிதான் கண்ணீரில் ஒரு பெரும்பங்கைத் தருகிறது என்பதால் வெட்டி எடுக்காமல் உள்ளே வைத்துத் தைப்பதே முறை. கண் முழுக்கச் சிவந்து, விழி மங்கலாகி, வெளிச்சத்திலும் பாப்பா விரிந்தே இருந்து, நாய் கண்ணை மூடி மூடித் திறந்தால் அது கண் அழுத்தமாக இருக்கலாம். அதற்கு மணிக்கணக்கில்தான் அவகாசம். ஒரு நாள் தள்ளினால் பார்வையே போய்விடக்கூடும்.

பிறகு காது, கழுத்து, அக்குள், கால் விரலிடுக்கு, தொடை இடுக்கு, வாலடி. கடைசியாக விலாவில் இரண்டு உள்ளங்கையையும் வையுங்கள். அழுத்தாமலே எலும்பு விரலில் தட்டுப்பட வேண்டும். தேட வேண்டியிருந்தால் நாய் பருத்துவிட்டது.

காது

காக்கரின் காதுதான் இந்த இனத்தை வளர்ப்பதில் பாதி வேலை. நாயின் காதுக் குழாய் நேராக உள்ளே போகாது. முதலில் கீழே இறங்கி, பிறகு உள்பக்கம் திரும்பும். மேலே கனத்த மடல் மூடிக்கொள்கிறது, உள்ளே முடி, வெளியே நம் கடலோர ஊர்களின் புழுக்கம். ஈரம் காய வழியே இல்லை. அந்த ஈரத்தில் ஈஸ்ட் என்னும் பூஞ்சை பெருகும்.

வாரம் ஒரு முறை சுத்தம் செய்யுங்கள். குளித்த அன்றும், மழையில் நனைந்த அன்றும் கூடுதலாக ஒரு முறை. மருந்துக் கடையில் நாய்க் காதுக்கென்றே விற்கும் கழுவு திரவத்தை வாங்கி, பாட்டிலை உள்ளங்கையில் ஐந்து நிமிடம் பிடித்து வெதுவெதுப்பாக்குங்கள். குளிர்ந்த திரவம் காதில் இறங்கினால் நாய் அடுத்த முறை பாட்டிலைப் பார்த்ததுமே ஓடிவிடும். நாயை உங்கள் முழங்கால்களுக்கு நடுவே, உங்களுக்கு முதுகு காட்டி உட்கார வையுங்கள். மடலை நேர் மேலே தூக்கிப் பிடியுங்கள், குழாய் நேராகும். பாட்டில் முனை காதில் படாமல், குழாய் வாய் வரை நிரம்பும்படி ஊற்றுங்கள். மடலை விட்டுவிட்டு காதின் அடித்தண்டை விரல்களால் 30 நொடி பிசையுங்கள். சளக் சளக் என்று சத்தம் கேட்டால் திரவம் சரியாகப் போயிருக்கிறது. பிறகு விலகிக்கொள்ளுங்கள், நாய் தலையை உதறட்டும். அடியில் இருந்த அழுக்கை அந்த உதறல்தான் மேலே கொண்டுவரும். மேலே வந்ததைப் பஞ்சை விரலில் சுற்றித் துடைத்து எடுங்கள். விரல் தானாக எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவுதான்.

பட்ஸ் குச்சி வேண்டவே வேண்டாம். அது அழுக்கை வளைவுக்குள் தள்ளி அடைத்துவிடும். தேங்காய் எண்ணெய், வேப்பெண்ணெய், ஹைட்ரஜன் பெராக்சைடு எதுவும் கூடாது. காபித்தூள் நிறத்தில் அழுக்கு, புளித்த மாவு நாற்றம், ஒரே காதைச் சொறிதல், தலையைச் சாய்த்தே வைத்திருத்தல், தொட்டால் வீறிடல் இவற்றில் ஒன்று இருந்தாலும் திரவத்தை ஊற்றாமல் டாக்டரிடம் போங்கள். காதுச் சவ்வு கிழிந்திருந்தால் சில திரவங்கள் கேட்கும் திறனையே கெடுக்கும். போன முறை கொடுத்த சொட்டு மருந்து மிச்சம் இருக்கிறதே என்று விடுவதும் ஆபத்து. ஈஸ்டுக்குக் கொடுத்த மருந்து பாக்டீரியாவுக்கு உதவாது. அதற்குள் குழாய்ச் சுவர் தடித்துச் சுருங்கிவிடும். வருடக்கணக்கில் தவறவிட்ட காதுகள் கடைசியில் அறுவை மேசைக்குத்தான் போகின்றன. ஓயாமல் உதறும் நாய்க்கு மடலுக்குள் ரத்தம் கட்டி இட்லிபோல் உப்பிக்கொள்வதும் உண்டு. அதுவும் டாக்டர் பார்க்க வேண்டியதே.

மடலின் உள்பக்கம், குழாய் வாயைச் சுற்றியுள்ள முடியை மாதம் ஒரு முறை ஒட்டக் கத்தரியுங்கள். சாப்பாட்டுத் தட்டு அகலமாக இல்லாமல் குறுகி ஆழமாக இருந்தால் காது வெளியே விழும், சோற்றில் தோயாது.

உண்ணி

நம்மூரில் நாய்க்கு வருவது பழுப்பு உண்ணி. மற்ற உண்ணிகளைப் போலப் புல்வெளியோடு நிற்காது, வீட்டுக்குள்ளேயே குடும்பம் நடத்தும். ரத்தம் குடித்த பெண் உண்ணி கீழே இறங்கி, சுவர் விரிசலிலும் கதவு நிலை இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டுவிட்டு வீட்டை விட்டுவிட்டால் சில வாரத்தில் மறுபடி ஏறுவது அதனால்தான்.

ஒளியும் இடங்கள்: காது மடலின் உள்மடிப்பு, கழுத்துப் பெல்ட்டுக்கு அடி, கால் விரலிடுக்கு, அக்குள். ஸ்பேனியலுக்கு விரலிடுக்கு முடி நீளம் என்பதால் அங்கே விரலை நுழைத்து ஒவ்வொரு இடுக்காகத் தடவ வேண்டும். தட்டுப்பட்டால் முடியை விலக்கி, கூர்முனைச் சாமணத்தால் தோலை ஒட்டி, வயிற்றைப் பிடிக்காமல் வாய்ப்பகுதியைப் பிடித்து, திருகாமல் ஒரே சீராக நேரே இழுங்கள். எடுத்ததை ஸ்பிரிட்டில் போடுங்கள். நகத்தால் நசுக்கக் கூடாது. மண்ணெண்ணெய் தடவுவது, ஊதுபத்தியால் சுடுவது இரண்டும் உண்ணியைக் கக்க வைத்து, அதன் வயிற்றில் உள்ள கிருமியை நாய்க்குள் ஏற்றிவிடக்கூடும், தோலும் வெந்துபோகும்.

தடுப்புக்கு மாதம் ஒரு முறை கொடுக்கும் அஃபாக்சோலனர் மாத்திரையும், 12 வாரத்துக்கு ஒரு முறை கொடுக்கும் ஃப்ளூரலானர் மாத்திரையும் கிடைக்கின்றன. வலிப்பு வந்த நாய் என்றால் கொடுப்பதற்கு முன் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். மேலே ஊற்றும் பெர்மெத்ரின் மருந்து நாய்க்குச் சரி, பூனைக்கு விஷம். வீட்டில் இரண்டும் இருந்தால் அதைத் தவிர்த்துவிடுங்கள். படுக்கை விரிப்பை வாரம் ஒரு முறை வெந்நீரில் அலசி வெயிலில் போடுங்கள். நாய் படுக்கும் சுவரோர விரிசல்களைச் சிமெண்டாலோ சீலன்டாலோ அடையுங்கள்.

உண்ணி எடுத்த ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் நாய் சாப்பாட்டைத் தள்ளினால், காய்ச்சல் அடித்தால், மூக்கில் ரத்தம் வந்தால், வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். உண்ணிக் காய்ச்சல் ஆரம்பத்தில் பிடித்தால் பெரும்பாலும் மாத்திரையிலேயே கேட்கும்.

வெயில்

நாயின் இயல்பான உடல்சூடு 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 40-ஐத் தாண்டினால் எச்சரிக்கை, 41 உயிருக்கு ஆபத்து. பங்குனி முதல் ஆடி வரை காலை 6.30-க்குள் நடையை முடித்துவிடுங்கள். மாலையில் சூரியன் இறங்கினாலும் தார்ச்சாலை இறங்காது. புறங்கையைச் சாலையில் 7 நொடி வையுங்கள். உங்களால் முடியவில்லை என்றால் அதன் பாதத்தாலும் முடியாது.

வெயிலுக்கு இதமாக இருக்கட்டும் என்று மொட்டை அடிப்பது தவறு. முடி வெயிலையும் தடுக்கிறது. அதிலும் அமெரிக்கன் காக்கருக்கு ஒட்ட வழித்தால் பழைய பட்டு முடி திரும்பாமல் பஞ்சு போல முளைப்பது உண்டு. வயிறு, அக்குள், கால் நடுப்பகுதி இவற்றில் மட்டும் குறையுங்கள். முதுகில் 2 செ.மீ. விட்டுவிடுங்கள்.

வெப்ப மயக்கம் இப்படித் தொடங்கும்: நாக்கு அகன்று தொங்கும், எச்சில் கெட்டியாக நூல் விடும், ஈறு செக்கச் சிவக்கும், நடை தள்ளாடும். முதலில் குளிரவைக்க வேண்டும், பிறகுதான் வண்டி. நிழலுக்குக் கொண்டுபோய் உடல் முழுக்க, குறிப்பாக வயிறு, தொடை, பாதத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே மின்விசிறியை நேரே வையுங்கள். மே மாத மதியத்தில் மொட்டை மாடி டேங்கிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் கொதிக்கும், அதை ஊற்றிவிடாதீர்கள். சம்ப் தண்ணீரோ, வாளியில் ஃபிரிட்ஜ் பாட்டில்களைக் கலந்ததோ வேண்டும். ஈரத் துண்டால் மூடிவிட்டால் சில நிமிடத்தில் துண்டே சூடாகி வெப்பத்தை உள்ளே அடைக்கும். தானாகக் குடித்தால் குடிக்கட்டும், வாயில் ஊற்றாதீர்கள். ஆசனவாய் வெப்பமானியில் 39.5 வந்ததும் ஊற்றுவதை நிறுத்திவிட்டு ஏசி போட்ட வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எழுந்து வாலாட்டினாலும் போக வேண்டும். சிறுநீரகமும் ரத்தம் உறையும் தன்மையும் மறுநாள்கூடக் கெடத் தொடங்கலாம்.

நிறுத்திய காரில் ஐந்து நிமிடம்கூட வேண்டாம்.

நடை

பெல்ட்டில் மாட்டி இழுக்கும்போது கழுத்தில் விழும் அழுத்தம் கண்ணுக்குள் இருக்கும் அழுத்தத்தையும் கூட்டும். கண் அழுத்த நோய்க்கு வாய்ப்புள்ள காக்கருக்கும், கழுத்து நரம்புத் தொல்லை பரம்பரையாக வரும் கேவலியருக்கும் மார்பைச் சுற்றும் ஹார்னஸ்தான் சரி. பெல்ட் இருக்கட்டும், உங்கள் கைபேசி எண் பொறித்த தகட்டைத் தொங்கவிட மட்டும். ஹார்னஸுக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். அக்குளில் உராய்ந்தால் முடி சிக்காகித் தோல் புண்ணாகும்.

வளர்ந்த காக்கருக்கு நாள் ஒன்றுக்கு 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம், இரண்டாகப் பிரித்து. அதில் பாதி நேரம் அது முகர்ந்துகொண்டே நிற்கும். இழுக்காதீர்கள். முகர்வதே அதற்கு முக்கிய வேலை. பத்து நிமிடம் நன்றாக முகர்ந்த நாய் வீட்டுக்கு வந்ததும் நிம்மதியாகத் தூங்கும். ஆனால் மூக்கு வேலை செய்யத் தொடங்கினால் காது மூடிக்கொள்ளும். எவ்வளவு பழகிய காக்கரும் அணில் வாசனை பிடித்தால் சாலையைப் பார்க்காது. வேலி இல்லாத இடத்தில் அவிழ்த்து விடாமல் 5 முதல் 10 மீட்டர் நீளக் கயிறு கட்டுங்கள். கூப்பிடும் சொல்லை வீட்டில் எல்லோரும் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். அப்பா ‘வாடா’ என்றும், பாட்டி ‘இங்க வா கண்ணு’ என்றும், பிள்ளைகள் ‘கம்’ என்றும் கூப்பிட்டால் நாய்க்கு எதுவுமே கட்டளையாகாது. வந்ததும் ஒரு வாய் வேகவைத்த கோழி. வந்த நாயைத் திட்டவே கூடாது, எவ்வளவு நேரம் கழித்து வந்தாலும் சரி.

தெருநாய்க் கூட்டம் எதிர்ப்பட்டால் ஓடாதீர்கள். உங்கள் நாயை உங்களுக்குப் பின்னால் கொண்டுவந்து, கயிற்றைச் சுருக்கி, பக்கவாட்டில் மெல்ல விலகுங்கள். கைப்பிடி பிஸ்கட்டை அவற்றின் முன் தரையில் சிதறவிட்டால் பெரும்பாலும் அதிலேயே நின்றுவிடும். பட்டன் குடை கையில் இருந்தால் அவற்றை நோக்கி விரியுங்கள். நாயைத் தலைக்கு மேல் தூக்கினால் மற்றவை உங்கள் மேல் பாயும். நடைபாதையில் எல்லை எந்த நாயுடையது, எந்த நேரத்தில் சாப்பாடு வைக்கிறார்கள் என்று கவனித்து அந்த நேரத்தைத் தவிர்த்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

லிஃப்ட்டில் கயிற்றைக் கையில் சுருட்டி, நாயோடு சேர்ந்தே ஏறி, கதவு மூடும்வரை காலோடு ஒட்டி வைத்திருங்கள். நாய் உள்ளேயும் ஆள் வெளியேயும் இருக்கும்போது கதவு மூடிக்கொள்வது மிகக் கொடிய விபத்து. அபார்ட்மென்ட் சங்கம் லிஃப்ட்டில் நாயை ஏற்றக் கூடாது என்று தடை போட முடியாது. இந்திய விலங்கு நல வாரியத்தின் 2015 வழிகாட்டுதல் அதைத் தெளிவாகச் சொல்கிறது. கழிவை எடுப்பதும் கயிற்றில் பிடித்துச் செல்வதும் நம் கடமை. சென்னை மாநகராட்சி எல்லைக்குள் உரிமமும் எடுத்துவைக்க வேண்டும். அதற்கு வெறிநாய்த் தடுப்பூசிச் சான்று வேண்டும்.

நடை முடிந்ததும் விரலிடுக்கையும் காது நுனியையும் சீவுங்கள். ஒட்டுப்புல்லும் நாயுருவி விதையும் இந்த முடியில் சிக்கினால் தானாக விழாது. புல் விதை தோலைத் துளைத்து உள்ளே நடக்கும். விரலிடுக்கில் ஆறாமல் சீழ் வடியும் ஓட்டைக்குக் காரணம் பலநேரம் அதுதான்.

வீட்டுக்குள்

வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுவைச் சிதைக்கும். சாம்பார் சோறு, குழம்பு ஊற்றிய எதுவும் அதனால் ஆகாது. திராட்சை, உலர்திராட்சை இரண்டும் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யலாம். எந்த நாய்க்கு எவ்வளவு தாங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. சர்க்கரைப் பொங்கலும் பாயசமும் தருவதில்லை என்று விருந்தாளிகளிடமும் சொல்லிவையுங்கள். சாக்லேட், சர்க்கரை சேர்க்காத சூயிங்கத்தில் இருக்கும் சைலிட்டால், வேகவைத்த எலும்பு, மாங்கொட்டை, மக்காச்சோளத் தக்கை இவையும் கூடாது. கடைசி இரண்டும் விஷமல்ல. குடலில் அப்படியே அடைத்துக்கொள்ளும்.

பூஜை அறைக் கற்பூரத்தை விழுங்கினால் வலிப்பு வரும். அலமாரி அந்துருண்டையும் அப்படியே ஆபத்து. தோட்டத்தில் அரளி இருந்தால் வெட்டிய கிளையைக் கீழே போடாதீர்கள், இதயத்தைத் தாக்கும் விஷம் அது. எலி மருந்து வகையில் ரத்தம் உறையாமல் செய்வது ஒன்று. தின்று மூன்று முதல் ஐந்து நாள் கழித்துத்தான் ரத்தக் கசிவு தொடங்கும். தின்றது தெரிந்தால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் மருந்து அட்டையோடு போங்கள். உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள்; அந்த உப்பே உயிரைப் பறிக்கக்கூடும். மனிதருக்கான வலி மாத்திரைகளில் ஐபுபுரோஃபெனும் டைக்ளோஃபெனாக்கும் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பாழாக்கும்.

டைல்ஸ், கிரானைட் தரை வழுக்கும். பாதத்தடிக்கு நடுவே வளரும் முடியை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தட்டையாக வெட்டி, நாய் ஓடித் திரும்பும் இடத்தில் ரப்பர் அடிப்பாகம் உள்ள மிதியடி போடுங்கள். குட்டியின் தலை நுழையும் கம்பி இடைவெளி எதுவானாலும் உடலும் நுழையும். பால்கனிக்கு வலை அடியுங்கள். 4 முதல் 6 மாதம் வரை பல் முளைக்கும் காலத்தில் ஒயரைக் கடிக்கும். தரையோடு கிடக்கும் ஒயர்களைக் குழாய்க்குள் நுழைத்துவிடுங்கள்.

மழைக்காலத்தில் தேரையைக் கவ்விவிட்டு நுரை தள்ளினால், தலையைக் கீழ்நோக்கிச் சாய்த்து, தண்ணீர் வெளிப்பக்கம் ஓடும்படி வாயின் பக்கவாட்டிலிருந்து பத்து நிமிடம் கழுவுங்கள். தேங்கிய தண்ணீரில் எலிக் காய்ச்சல் கிருமி இருக்கும், அது மனிதருக்கும் தொற்றும். அதற்கான வருடாந்தரத் தடுப்பூசியை ஐப்பசி மழைக்கு முன்பே போட்டுவிடுங்கள்.

தனியே இருக்கப் பழக்குவது

வேலைக்குப் போகும் வீட்டில் ஸ்பேனியல் வாங்குவதற்கு முன் யோசிக்க வேண்டியது இதைத்தான். பழக்கிய பெரிய நாயானாலும் ஒரே மூச்சில் 4 அல்லது 5 மணி நேரத்துக்கு மேல் தனியே விடுவது நியாயமில்லை. குட்டி, தன் வயது மாதத்தோடு ஒன்றைக் கூட்டிய மணி நேரம்தான் சிறுநீரை அடக்கும்: 3 மாதக் குட்டி 4 மணி நேரம், அதுவே அதிகபட்சம். 8 வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்பதை, நாய் இனப்பெருக்கமும் விற்பனையும் குறித்த மத்திய அரசின் 2017 விதிகள் தடை செய்கின்றன. தாயைச் சீக்கிரம் பிரிந்த குட்டிக்குத் தனிமைப் பயமும் கடிக்கும் பழக்கமும் கூடுதல் என்பதால் 5 வாரக் குட்டியை நீட்டுபவரிடம் வாங்காதீர்கள்.

பழக்கம் வீட்டுக்குள்ளேயே தொடங்க வேண்டும். அறை வாசலில் குழந்தைத் தடுப்புக் கதவு போட்டு, நீங்கள் இந்தப் பக்கம் கண்ணுக்குத் தெரியும்படி வேலை செய்யுங்கள். அது அமைதியாகப் படுத்தால் அடுத்த கட்டம்: சாவியை எடுங்கள், செருப்பை மாட்டுங்கள், போகாமல் திரும்பி உட்காருங்கள். சாவிச் சத்தத்துக்குத் தலை தூக்காத நிலை வரும்வரை ஒரு நாளில் பலமுறை இதைச் செய்யலாம். பிறகு வெளியே போய்க் கதவைச் சாத்துங்கள். 30 நொடி, 1 நிமிடம், 2 நிமிடம், மறுபடி 30 நொடி, 5 நிமிடம், 3 நிமிடம் என்று கலைத்துக் கலைத்துப் போங்கள். ஏறிக்கொண்டே போனால் ஒவ்வொரு முறையும் கடினம் கூடுகிறது என்று நாய் கற்றுக்கொள்ளும். பதற்றம் பெரும்பாலும் முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே கிளம்பிவிடும். 40 நிமிடம் தாங்கும் நாய்க்கு அதற்கு மேல் நீட்டுவது எளிது. பழைய கைபேசியை வீடியோ அழைப்பில் வைத்துவிட்டுப் போனால் உள்ளே நடப்பது தெரியும்.

கிளம்பும்போது உள்ளே குழிவான ரப்பர் பொம்மையில் உப்பும் தாளிப்பும் இல்லாத தயிர்சோறு அடைத்து, ஃபிரீசரில் 4 மணி நேரம் உறையவைத்ததைக் கொடுங்கள். அரை மணி நேரம் நக்கும். திரும்பியதும் எடுத்துவைத்துவிடுங்கள், தனிமைக்கு மட்டும் உரிய பண்டமாக இருக்கட்டும். பொம்மையைத் தொடாமல் கதவைப் பிறாண்டுகிறது, மார்பு நனைய எச்சில் ஒழுகுகிறது, தனியாக விட்டால் மட்டும் வீட்டில் சிறுநீர் கழிக்கிறது என்றால் அது குறும்பல்ல, பயம். நேரத்தைச் சரிபாதிக்குக் குறைத்துக்கொண்டு மறுபடி தொடங்குங்கள். குளியலறையில் பூட்டுவது பயத்தைப் பல மடங்காக்கும். இன்னொரு நாய் வாங்கினால் சரியாகும் என்பதும் பெரும்பாலும் நடப்பதில்லை. அது தேடுவது உங்களை.

வீட்டில் இருக்கும்போது செய்ய எளிய விளையாட்டு ஒன்று: பழைய துண்டை விரித்து, அதன் உலர் தீவனத்தில் ஒரு கைப்பிடியைத் தூவி, சுருட்டிக் கொடுங்கள். மூக்காலேயே அவிழ்க்கட்டும். மழையால் நடை நின்றுபோன நாட்களுக்கு இது ரொம்பக் கைகொடுக்கும்.

உறுமல்

காக்கர் தன் எலும்பையோ திருடிய காலுறையையோ காப்பதற்கு உறுமுவது உண்டு. பிடுங்கினால் அடுத்த முறை உறுமாமலே கடிக்கும். உறுமலுக்குத் தண்டிப்பதும் அதே முடிவுக்குத்தான் கொண்டுபோகும். கைமாற்றுப் பழக்குங்கள்: அது வைத்திருப்பதைவிடச் சுவையான ஒன்றை இரண்டடி தள்ளிப் போட்டு, அது நகர்ந்ததும் பொருளை எடுத்து, முடிந்தால் திரும்பக் கொடுத்துவிடுங்கள். சாப்பிடும் நாயைப் பிள்ளைகள் தொடக் கூடாது என்பது வீட்டுச் சட்டமாகவே இருக்கட்டும். காரணமில்லாமல் திடீரென்று உறுமத் தொடங்கிய காக்கருக்கு முதலில் காதைப் பாருங்கள். வலிதான் பெரும்பாலும் பேசும்.

அளவு

12 கிலோ எடையுள்ள, அபார்ட்மென்டில் வளரும் காக்கருக்கு 100 கிராமில் 350 கலோரி உள்ள உலர் தீவனம் நாளைக்கு 180 முதல் 200 கிராம், இரண்டு வேளையாக. 7 கிலோ கேவலியருக்கு 120 கிராம் போதும். பிஸ்கட்டும் கோழியும் கொடுத்தால் அந்த அளவுக்குத் தீவனத்தைக் குறையுங்கள். கெஞ்சும் கண் பசியைக் காட்டுவதில்லை.

கேவலியர் வைத்திருப்பவர்கள் கூடுதலாக ஒன்று செய்யுங்கள். இதய வால்வு நோய் இந்த இனத்தில் மிகப் பரவலானது. நாய் ஆழ்ந்து தூங்கும்போது 30 நொடியில் விலா எத்தனை முறை எழுகிறது என்று எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 30-க்கு மேல் தொடர்ந்து வந்தால் இருமல் வரும்வரை காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

தீபாவளி

வெடிச் சத்தத்துக்கான மாத்திரை வேண்டுமா என்று ஒரு மாதம் முன்பே டாக்டரிடம் கேளுங்கள். மயக்க மருந்தான அசிப்ரோமசின் மட்டும் கொடுத்தால் உடம்பு மரத்துப்போகும், பயம் அப்படியே இருக்கும். அன்று மாலை 5 மணிக்குள் நடையை முடித்து, தெருப்பக்கம் இல்லாத உள்ளறையில் ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியும் டிவியும் ஓட விடுங்கள். கட்டிலுக்கு அடியில் போனால் இழுக்காதீர்கள். உங்கள் மடிக்கு வந்தால் அணைத்துக்கொள்ளுங்கள். அணைத்தால் பயம் வளரும் என்பது உண்மையல்ல. வெளிக்கதவு இரண்டு நாளும் பூட்டியே இருக்கட்டும், கழுத்தில் எண் தகடு இருக்கட்டும்.

கடியும் மருந்துப் பெட்டியும்

உங்கள் நாயைத் தெருநாய் கடித்தால் காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். ஏற்கெனவே தடுப்பூசி போட்டிருந்தாலும் மறுபடி போட வேண்டியிருக்கும். உங்களைக் கடித்தால், அது உங்கள் நாயே ஆனாலும், அதே 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். பாம்பு தீண்டினால் கட்டுப் போட்டு நேரத்தைக் கழிக்காமல் நாயை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

பெட்டியில் டிஜிட்டல் வெப்பமானி, வாஸ்லின், சாமணம், நுனி மழுங்கிய கத்தரிக்கோல், சலைன் பாட்டில், காஸ் துணிச் சுருள், காது திரவம் இருக்கட்டும். வலியில் துடிக்கும் நாய் உரியவரையும் கடிக்கும்; காஸ் துணியால் மூக்கைச் சுற்றி முடிச்சுப் போட்டு, காதுக்குப் பின்னால் கட்டிவிட்டுத் தூக்குங்கள். மூச்சுத் திணறும் நாய்க்கும் வாந்தி எடுக்கும் நாய்க்கும் மட்டும் வாயைக் கட்டக் கூடாது. இரவில் எந்த மருத்துவமனை திறந்திருக்கும் என்று இப்போதே விசாரித்து எண்ணைச் சேமியுங்கள். சென்னையில் இருப்பவர்கள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும் வழியையும் நேரத்தையும் ஒருமுறை பார்த்துவைத்துக்கொள்வது நல்லது.

ஊருக்குப் போகும்போது நாயைப் பார்த்துக்கொள்பவரிடம் ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள்: எடை, தீவன அளவு, கூப்பிடும் சொல், கடைசித் தடுப்பூசித் தேதி, உண்ணி மாத்திரையின் பெயரும் அடுத்த தேதியும், எந்தக் காதில் தொல்லை, டாக்டர் எண், எவ்வளவு செலவு வரை உங்களைக் கேட்காமல் சிகிச்சை தொடங்கலாம் என்பது. வளரும் குட்டிக்கு மாதம் ஒரு முறையும், பெரிய நாய்க்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் எடை பார்த்து அந்தத் தாளைத் திருத்துங்கள். உண்ணி மாத்திரை எடைக்கு ஏற்றது; 9 கிலோவில் எழுதிய அளவு 13 கிலோவில் வேலை செய்யாது.